பீர் முகமது வீட்டு வழியாக ஒரு தெரு

கூடத்திலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரே இடத்தில் நிற்காமலும் விலகிப் போகாமலும் அது வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பித்தளைச் செம்பு உருண்டு, சுவரில் முட்டி, நெடுநேரம் தன்னைத்தானே சுற்றிவிட்டு அடங்கியது.

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த லத்தீபா தலையைத் திருப்பவில்லை.

"சிவனாண்டி அண்ணனோட செக்கு மாடு அக்கா," என்றாள். "தூணைச் சுத்துது. இன்னும் ஒரு சுத்து வந்துட்டுத்தான் கொல்லைப்பக்கம் போகும். அதுக்கு நேரா நடக்கத் தெரியாது."

நான் அடுத்த வீட்டுக்காரி. அவளுக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவள் கணவர் பீர் முகமதுவின் குரல் கேட்டது.

"வாங்கண்ணே, வாங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு பாய். நீங்க?"

"ஆச்சு. மாடு?"

"அதுவும் ஆச்சு."

"ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க. லத்தீபா, ஒரு செம்பு, ஒரு வாளி."

லத்தீபா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தொங்கிய திரைக்கு அடியில் ஒரு செம்பையும் ஒரு வாளியையும் தள்ளினாள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த அடுப்படியும், அதை ஒட்டிய சாமான் அறையும்தான் அவளுக்கு மிஞ்சியிருந்த வீடு. திரைக்கு அந்தப் பக்கம் தெரு.

இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்த பெண்களை எனக்குத் தெரியும். பங்காளிச் சண்டையில் இழந்தவர்களைப் பற்றி எழுதி, நானும் அழுது வாசகர்களையும் அழ வைத்திருக்கிறேன். கட்டிய கணவனே வீட்டைத் தெருவாக்கி ஊருக்குக் கொடுத்துவிட்டதால் வீடிழந்தவள், நான் அறிந்தவரை, மதுரையில் லத்தீபா ஒருத்திதான்.

பீர் முகமது தெற்கு மாசி வீதியில் பூட்டுக் கடை வைத்திருந்தார். திண்டுக்கல் பூட்டு, பெட்டிப் பூட்டு, கோயில் உண்டியல் பூட்டு என்று ஊரில் பாதி வீடுகள் அவர் பூட்டால்தான் பூட்டியிருந்தன. நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை, சும்மா இருக்கும்போது ஏதாவது தோன்றிவிடும் என்பதுதான்.

குடையின் உச்சியில் வட்டமாகத் துணியை வெட்டிக் கண்ணாடி பதித்தார். மழை நின்றுவிட்டதா என்று குடையை மடக்காமலே பார்க்கலாமாம். சோறு வெந்துவிட்டது என்று தெரிவிக்க, வீட்டிலிருந்து கடை வரைக்கும் கூரை மேலாகவே ஒரு கயிறு கட்டினார். லத்தீபா இழுத்தால் கடையில் மணி அடிக்கும். அக்கம்பக்கத்தார் அந்தக் கயிற்றில் துணி காயப்போட்டார்கள். யார் வேட்டியை உதறிப் போட்டாலும் கடையில் மணி அடித்தது. அவரும் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்து நின்றார். ஈர வேட்டிகளின் தயவில் அந்த ஆண்டு அவர் உடம்பு கொஞ்சம் தேறியது.

புத்தகம் என்றால் உயிர். பழைய காகிதக்காரனிடம் அவர் வாங்கிய நூல்களில் ஒன்று, ஏதோ ஒரு நகரத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பற்றியது. அட்டை இல்லை, முன்பக்கங்களும் இல்லை. எந்த நகரம் என்றே தெரியாது.

"தெரியாம எப்படிண்ணே படிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்சா அந்த ஊருக்குத்தான் ஆகும்னு தோணிரும்மா. தெரியாததுனால எல்லா ஊருக்கும் ஆகும்," என்றார்.

அந்தப் புத்தகத்தைப் படிக்கப் படிக்க நம் ஊரைப் பற்றி அவருக்குத் துக்கம் வந்தது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். எங்கே போவதென்றாலும் சுற்று. "இது தேருக்குப் போட்ட ஊரு," என்பார். "தேருக்குக் கால் வலிக்காது. இழுக்க ஆளிருக்கு. நம்மள யாரு இழுக்கிறா?"

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. வெயிலில் தலைச்சுமையோடு வீதி சுற்றும் எத்தனையோ பெண்களை நினைத்தேன். பின்னால் நடக்கப்போவது அப்போது தெரிந்திருந்தால் வேறு காரணத்துக்காக அழுதிருப்பேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, ஊரை உயரத்திலிருந்து பார்த்தால்தான் நோய் எங்கே என்று தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. கடையில் இரும்பு சுமக்கும் கருப்புவை அழைத்துக்கொண்டு ஆனைமலை ஏறினார். கருப்பு எழுமலைப் பக்கத்து ஆள். மலை அவனுக்குப் புதிதல்ல. ஆனால் கண்ணாடிக் குடையும் புத்தகமும் அவித்த முட்டையும் சுமந்துகொண்டு மலை ஏறியது அதுவே முதல் தடவை. பாதி வழியில் குரங்குகள் முட்டையைப் பிடுங்கின. கிழட்டுக் குரங்கு ஒன்று முட்டை கிடைக்காத ஆத்திரத்தில் புத்தகத்தில் ஒரு பிடி கிழித்துக்கொண்டு ஓடியது. பீர் முகமது வழுக்குப்பாறையில் சறுக்கி, இரண்டு முழங்காலும் தேய்ந்து, எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். குடையின் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்தாராம்.

"கருப்பு, அங்கிட்டு ஒரு சந்து தெரியுதா? இங்கிட்டு ஒரு சந்து. ரெண்டுக்கும் நடுவுல தொண்டையில முள்ளு மாதிரி ஒரு வீடு அடைச்சுக்கிட்டு நிக்கிது பாரு."

"தெரியுது பாய்."

"அது மட்டும் இல்லாட்டி ஊரே மூச்சு விடும். எவன் கட்டினான் அதை?"

கருப்பு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்க அத்தாதான் பாய். அது உங்க வீடு."

மறுநாள் காலையில் பீர் முகமது தன் வீட்டுக் கதவுகள் இரண்டையும் கழற்றினார். முன்சந்தில் இருந்த தலைவாசல் கதவுக்கு நான்கு கால்கள் அடித்து, நடப்போர் இளைப்பாறக் கூடத்தில் பெஞ்சாகப் போட்டார். பின்சந்தில் இருந்த கொல்லைக் கதவைச் சாக்கடை மேல் பாலமாகப் போட்டார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்ற மனிதரின் வீட்டில் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. முன்வாசலில் நுழைந்து கூடத்தைக் கடந்து கொல்லை வழியே பின்சந்துக்குப் போய்விடலாம். எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் வந்தார்கள்.

அவர் கணக்கில் ஒரே ஒரு பிசகு இருந்தது. வேறு ஊராக இருந்தால் அது பிசகே அல்ல. நம் ஊரில் ஒரு வீட்டு வாசலை மிதித்துவிட்டு யாராவது பேசாமல் போக முடியுமா? வருகிறவர் வீட்டுக்காரரை விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரர் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். பசி வயிற்றைக் கிள்ளினாலும் வந்தவர் "ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீராவது குடிக்க வேண்டும். குடித்தபின் உடனே எழுந்தால் மரியாதை இல்லை. மகள் பேறுகாலம், மருமகனின் வேலை, மழை எல்லாம் பேசி, "வாரேன் பாய்" என்று மூன்று இடத்தில் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் சுற்றிப் போய்விடக்கூடிய தூரத்தைக் குறுக்கே கடக்க அரைப்பொழுது ஆயிற்று. ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது பின்னால் வந்தவர் காத்திருந்தார். பூக்காரி அழகம்மாள் மாட்டுக்குப் பின்னால் நின்றபடி முழுக்கூடை பூவையும் கட்டி முடித்தாள்.

"பாதை அகலம் பத்தல," என்றார் பீர் முகமது. உள்ளறைச் சுவரை இடித்தார். அன்றுதான் லத்தீபா திரைக்குப் பின்னால் குடிபோனாள்.

மாதக்கணக்கில் அவள் பொறுத்திருந்தாள். வேற்று ஆண்கள் நடமாடும் கூடத்துக்கு அவள் வர முடியாது. செம்பு செம்பாகத் தண்ணீர் தள்ளினாள். அடுப்பு ஊதியபடியே, நின்றுகொண்டு, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மூன்றாவது வாய்க்குள் "லத்தீபா, ஒரு செம்பு" என்று குரல் வரும். என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "உக்காந்து ஒரு வேளைச் சோறு தின்னு எம்புட்டு நாளாச்சுன்னு ஞாபகம் இல்லக்கா." கையில் இருந்த கீரை எனக்குக் கண்ணீரில் மங்கித் தெரிந்தது.

அந்தச் செக்கு மாடு தூணைச் சுற்றிவிட்டுப் போன அன்று, செம்பைத் திரும்ப வாங்கும்போது திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

கையிலிருந்த கீரையைக் கீழே போட்டேன். நம் பக்கத்தில் பக்கத்துக் கடைக்குப் போகிறவள்கூட "வாரேன்" என்றுதான் சொல்வாள். இவள் "போறேன்" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து பீர் முகமது கேட்டார்: "கோச்சடைக்கா?"

"ஆமா."

"கோச்சடைக்குன்னா நம்ம தெரு வழியாவே போயிரு. ஜட்கா வண்டி பின்சந்துலதான் நிக்கும். சுத்த வேண்டாம்."

லத்தீபா என்னைப் பார்த்தாள். "கதவைப் பத்தி எழுதியிருந்த பக்கத்தைத்தான் அந்தக் குரங்கு கிழிச்சிருக்கும்," என்றாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்து சேர்ந்தார். தெருவைப் பதிந்து, விளக்குக் கம்பமும் பெயர்ப்பலகையும் தர வேண்டும் என்று பீர் முகமது அவரை வெகுநாளாக வருந்தி அழைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் மெலிந்த, பொறுமையான மனிதர். பெஞ்சாகிவிட்ட தலைவாசல் கதவின் மேல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "ஆச்சு" என்று சொல்லி முடித்தார். நானும் லத்தீபாவும் திரைக்குப் பின்னால் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டோம்.

"பாய், நான் சுத்திப் போறேன். உங்க ஆள் இதுக்குள்ள போகட்டும். பின்சந்துல யாரு முதல்ல நிக்கிறாங்கன்னு பாத்துருவோம்," என்றார் ஓவர்சியர்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கருப்பு முன்வாசலில் நுழைந்தான்.

"வா கருப்பு, சாப்பிட்டியா?" என்றார் பீர் முகமது. அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை. வாசலில் ஆள் நுழைந்தால் அவர் வாய் கேட்டுவிடும்.

"ஆச்சு பாய்."

"தண்ணி குடி."

"பாய், பந்தயம்."

"பந்தயம்னா தாகம் எடுக்காதா? குடிச்சிட்டு ஓடு. ஊர்ல உன் வீட்டுக்காரி தங்கப்பொண்ணு நல்லா இருக்காளா?"

"இருக்கா பாய். மாசமா இருக்கா."

"அல்லாஹ் காப்பாத்துவான். எத்தனாவது மாசம்?"

கருப்பு விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது ஓவர்சியர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பீர் முகமது அவரையும் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பாய், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் ஓவர்சியர். "இது தெருவா, வீடா? தெருன்னா நடுவுல அடுப்பு எரியக்கூடாது. அடுப்படியை எடுத்துருங்க, தெருன்னு எழுதிக்கிறேன். வீடுன்னா மாடு நடக்கக்கூடாது. நீங்க சொல்றதத்தான் எழுதப் போறேன்."

பீர் முகமது அடுப்படித் திரையைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். தன் கனவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மனிதன் தனியாக நிற்கும் அந்தக் கணத்தைக் கண் கொண்டு பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய இடத்தில் லத்தீபா இல்லை.

அடுப்படியில் சாம்பல் கொட்டுவதற்கு முன்சந்தைப் பார்த்து ஒரு சின்ன வாசல் உண்டு. ஆண்கள் இருக்கும் கூடத்தில் நடக்க மனமில்லாமல், வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு, பெட்டியோடு அதன் வழியே இறங்கியிருந்தாள். நானும் ஓடினேன். சந்தில் உச்சி வெயில் தகித்தது. ஜட்கா நின்றதோ பின்சந்தில். வெற்றிலை மெல்லும் தூரம்தான் என்றாலும், இரும்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு அந்த வெயிலில் எங்கள் இரண்டு பெண்களால் சுற்ற முடியாது. லத்தீபா கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். பிறகு, ஊரார் எல்லோரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். தன் வீட்டு முன்வாசலில் வழிப்போக்கராக நுழைந்தாள்.

பீர் முகமது ஓவர்சியருக்கு என்ன பதில் சொல்வதென்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துப்பட்டியின் விளிம்பு மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கும். தலையை நிமிர்த்தவே இல்லை.

"வாங்கம்மா," என்றார். "சாப்பிட்டீங்களா?"

"இல்ல," என்றாள் லத்தீபா.

அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் நடந்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. கருப்பு குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை விழுங்காமல் நின்றான். ஓவர்சியரும் நிமிர்ந்தார்.

பீர் முகமதுவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. துப்பட்டியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறந்தபோது வேறு எதுவும் வரவில்லை.

"காலையில?"

"இல்ல."

"நேத்து?"

"நின்னுக்கிட்டு."

அவர் பெட்டியைத் தன் கையில் வாங்கி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தூணடியில் தரையைத் துடைத்து, பாயை விரித்தார். "உக்காருங்க," என்றார். மனைவியிடம்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

உள்ளே பாத்திரங்கள் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. பெயர் தெரியாத ஊரின் வீதிகளையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவர், திரை ஓரமாகத் தலையை நீட்டி என்னிடம் கேட்டார்: "அம்மா, சோத்துப்பானை எங்கிட்டு இருக்கு?"

"நேராப் போயி இடது பக்கம் திரும்புங்கண்ணே. அடுப்பு வரும். அதுக்குப் பக்கத்துல."

சோறும் மீன்குழம்பும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். கருப்பு மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். ஓவர்சியரும் அப்படியே திரும்பிக்கொண்டார். லத்தீபா துப்பட்டியின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வாய், இரண்டாம் வாய். மூன்றாவது வாய்க்கு முன்வாசலில் சலங்கை கேட்டது. அவள் கை நின்றது.

பீர் முகமது வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சுத்திப் போங்கண்ணே."

சிவனாண்டிக்கு விளங்கவில்லை. "ஏன் பாய், பாதை அடைப்பா?"

"உள்ள ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"சாப்பிடட்டும். நாங்க தூணை ஒரு சுத்துதான்."

"தூணடியிலதான் உக்காந்திருக்காங்க. சுத்திப் போங்க."

"மாடு மனசு விட்டுரும் பாய்."

"அதுக்கு ஊரே சுத்துறதுக்குத்தான் கட்டியிருக்கு. கூட்டிட்டுப் போங்க."

சலங்கைச் சத்தம் முணுமுணுப்போடு சந்தில் விலகிப் போயிற்று. லத்தீபா மூன்றாவது வாயை எடுத்தாள். அதைப் பார்த்து நான் தேம்பிய தேம்பலில் கருப்பு என்னிடம் செம்பை நீட்டினான்.

அவள் தட்டை வழித்து முடித்தபின் பீர் முகமது ஓவர்சியரின் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் எந்திரிங்க."

"பதில் சொல்லலியே பாய்?"

"அதைத்தான் சொல்லப் போறேன். நீங்க உக்காந்திருக்கிறது எங்க வீட்டுக் கதவு."

ஓவர்சியர் சட்டென்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு புன்னகைத்தார். "வாரேன் பாய். அம்மா, வாரேன்," என்று இரண்டு இடத்தில் நின்று சொன்னார். மூன்றாவது இடத்துக்குள் கருப்பு அவர் முதுகில் பெஞ்சால் இடித்துவிட்டான்.

கொல்லைக் கதவைச் சாக்கடையிலிருந்து எடுத்து நிறுத்தினார்கள். அது தண்ணீரில் ஊறிப் பருத்திருந்ததால் யாரும் தாழ் போடாமலே நிலைக்குள் இறுகிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்ற ஜட்காக்காரன் வெகுநேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு சவாரிக்குப் போயிருப்பான். தலைவாசல் கதவு சுழலும் குடுமியை நிலையின் குழியில் இறக்கிவிட்டு, கால்களை நாளைக்குப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கருப்பு கிளம்பினான்.

நான் தூணடியில் உட்கார்ந்துகொண்டேன். இனிமேல்தான் இருவரும் மனம் திறந்து பேசுவார்கள், அழுவார்கள். அப்போது பக்கத்தில் ஆறுதலுக்கு ஒரு பெண் வேண்டும் அல்லவா.

லத்தீபா துப்பட்டியைக் கழற்றி மடித்தாள். தன் கூடத்தை நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு," என்றேன், பழக்கத்தில்.

"அப்ப சரிக்கா," என்றாள். "நாளைக்கு வாங்க."

நான் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் பீர் முகமது கதவைத் தள்ளினார். நான்கு கால்களும் சந்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்க, அது முனகியபடி மூடிக்கொண்டது.